தொட்டியில் ஒரு கஞ்சா செடி: ஒரு சட்டத்தின் வரலாறு

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திரா போகும் நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச்சாவடி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பஸ்ஸில் வந்த பையில் இத்தனை கிலோ, லாரியில் இத்தனை கிலோ என்று கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். எல்லாமே கிலோ கணக்கு.

இன்னொரு வகைச் செய்தியும் அவ்வப்போது வருகிறது. மொட்டை மாடியிலோ, வாடகை வீட்டின் பின்புறமோ, பூந்தொட்டியில் கஞ்சா செடி வளர்த்ததாக இளைஞர்கள் கைது. சில சமயம் கல்லூரி மாணவர்கள். இந்தச் செய்தியில் கிலோ இருக்காது. "இரண்டு செடி", "ஐந்து செடி" என்றுதான் இருக்கும்.

"ரெண்டு செடிதானே, பெரிய கேஸ் ஆகாது" என்பதுதான் பலருடைய எண்ணம். பையில் 900 கிராம் கஞ்சா வைத்திருப்பவரைவிட, தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்திருப்பவருக்குச் சட்டம் பத்து மடங்கு அதிக தண்டனையை வைத்திருக்கிறது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? ஆனால் அதுதான் உண்மை. இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள நூறு வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

கொல்லைப்புறச் செடி

கஞ்சா இந்தியாவுக்குப் புதிதல்ல. 1563ல் கோவாவில் அச்சான தன் மருந்து நூலில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1753ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். 1785ல் லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர், இந்தியாவில் வளர்வது வேறு இனம் என்று கருதி கன்னாபிஸ் இண்டிகா என்று தனிப் பெயர் கொடுத்தார். நம் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் சில லேகியங்களில் இது சேர்ந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸ் மாகாணத்தில் இது இரண்டு விதமாக வளர்ந்தது. ஒன்று, விற்பனைக்காக வயலில் பயிரிடுவது. இதற்குப் பெயர் போனவை இரண்டு இடங்கள்: இன்று ஆந்திராவில் இருக்கும் சந்தராவூர் பகுதி, வட ஆற்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலை. ஜவ்வாது மலையில் பயிரிட்டவர்கள் அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்கள். (கேரள மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.)

இரண்டாவது, வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு செடி வைத்துக்கொள்வது. கத்தரி, மிளகாய்ச் செடிகளோடு இதுவும் ஒரு ஓரமாக நிற்கும். வீட்டு மருந்துக்கு, மாட்டு மருந்துக்கு, சிலருக்குப் புகைக்க. இதற்கு யாரும் அனுமதி கேட்டதில்லை. அப்போது அரசாங்கத்துக்குத் தலைவலியாக இருந்ததும் இதுதான். வயலை எண்ணிவிடலாம், வரி போடலாம். ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் எப்படி வரி போடுவது?

1,193 சாட்சிகள்

1893ல் லண்டன் பார்லிமெண்டில் ஒரு கேள்வி எழுந்தது. மதுவிலக்கில் தீவிரமாக இருந்த டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற எம்.பி., இந்தியாவில் கஞ்சாவால் மக்கள் சீரழிவதாகச் சொல்லி விசாரணை கேட்டார். அதன் விளைவுதான் "இந்திய சணல் போதைப்பொருள் கமிஷன்". தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் ஏழு உறுப்பினர்கள், அவர்களில் மூன்று பேர் இந்தியர்கள். கமிஷன் பல மாகாணங்களுக்குச் சென்று 1,193 சாட்சிகளின் கருத்துகளைப் பதிவு செய்தது. 1894ல் அறிக்கை பல தொகுதிகளாக வந்தது.

கமிஷன் செய்ததில் முக்கியமானது பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்கு. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள், ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. 1892ல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, சரஸ், பங்கு என்று பதிவாகி இருந்தது. கமிஷன் ஒவ்வொரு கேஸாக எடுத்து மறுபடி விசாரித்தது. அந்தக் காரணம் ஓரளவாவது பொருந்தக்கூடியது 98 பேருக்குத்தான் என்று தெரிந்தது. மற்ற பல கேஸ்களில், நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் காரணம் தெரியாமல் "கஞ்சா" என்று எழுத, ஆஸ்பத்திரியும் அப்படியே பதிந்திருக்கிறது!

இதை வைத்து "கஞ்சாவால் ஒன்றும் ஆகாது என்று கமிஷனே சொல்லிவிட்டது" என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அளவோடு பயன்படுத்துபவர்களிடம் பெரிய கேடு தெரியவில்லை, அளவு மீறினால் உடலுக்கும் மனதுக்கும் கேடு என்பதுதான் கமிஷன் சொன்னது. இள வயதில் அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் கூடுகிறது என்பதை நம் காலத்து ஆய்வுகளும் காட்டுகின்றன.

எண்ண முடியாததை நிறுத்து

முழுத் தடை வேண்டாம் என்றது கமிஷன். தடை போட்டால் மக்கள் அதைவிட மோசமான போதைக்குப் போவார்கள், ரகசிய விற்பனை பெருகும் என்பது அதன் வாதம். அது சொன்ன வழி: லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே பயிரிடலாம், கிடங்கில் வைத்து எடை போட்டு, வரி கட்டி, லைசென்ஸ் கடையில் மட்டுமே விற்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி வங்காளத்தில் நவுகான் பகுதி (இப்போது பங்களாதேஷில் இருக்கிறது). அங்கே ஒரு சிறு வட்டாரத்தில் மட்டும் பயிர், மொத்தமும் அரசு கண்காணிப்பில். கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், சரக்கின் மதிப்பு போய்விடும். அதனால் ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கவே தேர்ந்த ஆட்கள் அங்கே கூலிக்கு இருந்தார்கள். 1917ல் கஞ்சா விவசாயிகளுக்குக் கூட்டுறவு சங்கமே ஏற்பட்டது. அரசாங்கத்துக்கு நல்ல வருமானம்.

லைசென்ஸ் முறையில் பெரிய விவசாயிக்கு இடம் இருந்தது. கொல்லைப்புறச் செடிக்கு இடம் இல்லை. காரணம் ஒழுக்கமோ உடல்நலமோ மட்டும் அல்ல, வரி. வீட்டில் வளர்ந்த செடி கடை விற்பனையைக் கெடுக்கும். மெட்ராஸ் மாகாணத்திலும் லைசென்ஸ் பகுதிகளுக்கு வெளியே பயிரிடுவது நிறுத்தப்பட்டது. சின்னச் செடி முதன்முதலில் குற்றமானது இப்படித்தான்.

ஜெனீவா, சேலம், நியூயார்க்

1925ல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தியதால் கஞ்சா சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வந்தது. இந்தியாவில் 1930ல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டில் 1937 இன்னொரு முக்கியமான வருடம். ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் அந்த வருடம் அக்டோபர் 1ம் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948ல் மாகாணம் முழுக்க வந்தது. கள்ளும் சாராயமும் மட்டும் அல்ல, போதைப்பொருளும் அதில் அடக்கம். பிறகு 1971ல் மதுவுக்குத் தளர்வு வந்தது. கஞ்சாவுக்கு வரவில்லை.

1961ல் நியூயார்க்கில் உருவான ஐ.நா. ஒப்பந்தத்தில் பூ, காய் உள்ள நுனிப் பகுதிதான் "கன்னாபிஸ்". நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. வட இந்தியாவில் ஹோலிக்குக் குடிக்கும் பங்கு இலையில் செய்வது என்பதால் அது தப்பித்தது. மருத்துவம் அல்லாத உபயோகத்தை நிறுத்த 25 வருட அவகாசமும் கிடைத்தது. ஒப்பந்தம் 1964 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அவகாசம் 1989ல் முடியும். அதற்கு முன்பே, 1985 நவம்பர் 14 அன்று இந்தியாவில் என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்தது.

எடை போடும் சட்டம், எண்ணாத சட்டம்

1985ல் இருந்த சட்டப்படி கஞ்சா வைத்திருந்தாலும், செடி வளர்த்தாலும் தண்டனை ஒன்றுதான்: 5 வருடம் வரை கடுங்காவல், 50,000 ரூபாய் வரை அபராதம். ஒரு பொட்டலம் வைத்திருந்தவருக்கும் மூட்டை வைத்திருந்தவருக்கும் ஒரே தராசு என்று விமர்சனம் வந்தது. அதனால் 2001ல் சட்டத்தைத் திருத்தி எடைவாரியாகப் பிரித்தார்கள். இன்று இருக்கும் நிலை:

- 1 கிலோ வரை (சிறு அளவு): 1 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். (2001ல் 6 மாதம், 2014 திருத்தத்தில் 1 வருடம் ஆனது.)
- அதற்கு மேல், 20 கிலோ என்ற வணிக அளவை எட்டாதவரை: 10 வருடம் வரை, 1 லட்சம் வரை அபராதம்.
- வணிக அளவு: 10 முதல் 20 வருடம், 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

செடி வளர்ப்பது? அது பிரிவு 20ல் தனி உட்பிரிவு. 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். அங்கே சிறு அளவு, பெரிய அளவு என்ற பேச்சே இல்லை. தொட்டியில் ஒரு செடியும் மலையில் பத்து ஏக்கரும் ஒரே வரியில்தான் வருகின்றன. தண்டனையைக் குறைக்க வாய்ப்பு நீதிபதியின் கையில் இருக்கிறது. சட்டத்தின் எழுத்தில் இல்லை. சிறிய ஆளுக்குக் கருணை காட்ட வந்த திருத்தம், பொட்டலம் வைத்திருப்பவருக்குத் தண்டனையைக் குறைத்து, தொட்டி வைத்திருப்பவருக்கு இரட்டிப்பாக்கிவிட்டது.

பூ வரவில்லை என்று தப்பிக்கவும் முடியாது. பூ இல்லாவிட்டால் அது "கஞ்சா" அல்ல, சரி. ஆனால் தடை "கன்னாபிஸ் செடி"யை வளர்ப்பதற்கே. விதையின் கதை இன்னும் விசித்திரம். தனி விதை கஞ்சா என்ற விளக்கத்தில் வராது. 2021ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சணல் விதையை உணவாகவே அனுமதித்தது. அதை மண்ணில் போட்டு வளர்த்தால் பத்து வருடக் குற்றம். வீட்டு உரிமையாளருக்கும் சிக்கல் உண்டு: தெரிந்தே தன் இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்த விட்டால் பிரிவு 25 அவர் மீதும் பாயும்.

வெளிநாட்டுப் பக்கங்கள்

"முதல் முறை தொட்டியில் வளர்ப்பது எப்படி" என்று வழி சொல்லும் ஆங்கிலப் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் பல எழுதப்பட்ட நாடுகளில் சட்டம் செடிகளை எண்ணுகிறது. உருகுவே 2013ல் ஒரு வீட்டுக்கு 6 செடி என்றது. கனடா 2018ல் நான்கு (அங்கேயும் சில மாகாணங்கள் அப்போது தடுத்தன). ஜெர்மனி 2024ல் வயது வந்த ஒருவருக்கு மூன்று. சிங்கப்பூர் நேர் எதிர்: வளர்த்தால் 20 வருடம் வரை சிறை, 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023ல் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டது சுமார் 1 கிலோ கஞ்சா கடத்த உடந்தையாக இருந்ததாகத்தான்.

இந்தியாவிலும் மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. போதை மிகக் குறைந்த தொழிற்சாலைச் சணலை லைசென்ஸ் வாங்கிப் பயிரிட உத்தராகண்ட் வழி செய்திருக்கிறது. 2020 டிசம்பரில் கஞ்சாவை ஐ.நா.வின் மிகக் கடுமையான பட்டியலில் இருந்து எடுக்க நடந்த ஓட்டெடுப்பில் 27க்கு 25 என்று தீர்மானம் வென்றது. அதற்கு ஆதரவாக இந்தியாவும் ஓட்டுப் போட்டது. ஆனால் தொட்டிச் செடிக்கான வரி மட்டும் 2001ல் எழுதியபடியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று கஞ்சா பயிரே இல்லை என்கிறது போலீஸ். ஜவ்வாது மலையில் லைசென்ஸ் காலம் முடிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கம்பம், வருசநாடு மலைகளில் இருந்த திருட்டுப் பயிரும் அழிக்கப்பட்டது. 2021ல் ஆந்திர போலீஸ் விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. அதற்குப் பிறகும் எளாவூரில் பைகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

கொல்லைப்புறச் செடியை எண்ண முடியாது என்பதால் ஆங்கிலேயர் தடுத்தார்கள். இன்று எண்ண முடியும். ஒரு செடியா ஆயிரம் செடியா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் போதும். கஞ்சா நல்லதா கெட்டதா என்ற சண்டை ஒருபுறம் நடக்கட்டும். கஞ்சாவைத் தடுக்க வேண்டும் என்பவர்களும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: பொட்டலத்தை எடை போடத் தெரிந்த சட்டத்துக்குச் செடியை எண்ண ஏன் தெரியவில்லை? அதற்குப் பதில் வரும்வரை, தொட்டியில் நிற்கும் அந்த ஒற்றைச் செடியின் விலை பத்து வருடம் வரை.