நெல் இலைக்குள் கரியமில வாயு செல்லும் வழி: கதிர்ப் பருவத்தில் நீர் ஏன் முக்கியம்?

ஐயங்கார்குளம், உத்திரமேரூர் பகுதிகளில் ஏரி நீரை நம்பி நெல் பயிரிடும் விவசாயிகள், கடைசி நீரை எப்போது பாய்ச்சுவது என்று யோசிக்கும் நிலை அடிக்கடி வருகிறது. அதற்கான விடை இலைக்குள் இருக்கிறது.

பயிரின் உலர் எடையில் சுமார் 40 சதவீதம் கரி. அது உரத்திலிருந்து வருவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. ஆனால் காற்றில் அதன் அளவு 0.04 சதவீதம்தான்.

வாயு செல்லும் பாதை

கரியமில வாயு முதலில் இலைத்துளை வழியாக நுழைகிறது. பிறகு இலையின் உள்ளே உள்ள காற்று இடைவெளிகளைக் கடந்து, செல் சுவரின் ஈரத்தில் கரைந்து, பச்சையத்தை அடைகிறது. காற்றில் செல்வதைவிட நீரில் இந்த வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே நகரும். எனவே துளை சற்று மூடினாலும் பச்சையத்துக்கு வாயு குறைந்து, ஒளிச்சேர்க்கையும் குறைகிறது.

கரும்பும் மக்காச்சோளமும் இந்த வாயுவை உள்செல்களில் செறிவாக்கிக்கொள்வதால் ஓரளவு சமாளிக்கும். நெல்லுக்கு அந்த வசதி இல்லை. அதை நெல்லில் கொண்டுவரும் ஆராய்ச்சியைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2008-ல் தொடங்கியது. ரகமாக இன்னும் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நீர் குறைந்தால் பயிர் இலைத்துளையை மூடிக்கொள்ளும். இலை சுருளும் வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் துளைகள் மூடத் தொடங்கியிருக்கும்.

2. தூர் கட்டும் பருவத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டி, ஏரி நீரை மிச்சப்படுத்துங்கள். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம்.

3. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. நீர் நிற்கட்டும். மிச்சப்படுத்திய நீரை இப்போது பயன்படுத்துங்கள்.

4. இலைத்துளை திறந்து மூடச் சாம்பல் சத்து தேவை. மண் பரிசோதனைப்படியான அளவை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு சம பங்காக இடுங்கள்.

5. தழைச்சத்தை அளவோடு இடுங்கள். கூடினால் இலைகள் ஒன்றையொன்று மறைக்கும். கீழ் இலைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது.

6. மணியை நிரப்பும் மாவில் பெரும்பகுதி பூத்த பிறகு தயாராவது. அதில் கதிருக்குக் கீழே உள்ள கண்ணாடி இலைக்கு முக்கியப் பங்கு உண்டு. அதை இலைச் சுருட்டுப் புழு, குலை நோய் தாக்காமல் கவனியுங்கள்.

ஏரியில் நீர் குறைவாக இருந்தால், அதைப் பூக்கும் பருவத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். பதர் குறையும், மணி எடை கூடும்.