தி லோன்லி லண்டனர்ஸ்

‘தி லோன்லி லண்டனர்ஸ்’ 1956இல் வெளிவந்த ஆங்கில நாவல். எழுதியவர் டிரினிடாட் தீவைச் சேர்ந்த சாம் செல்வன் (1923–1994). இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்தவர்களின் கதை இது. உரையாடலில் மட்டும் பேச்சுமொழியை வைத்துவிட்டு மற்றதைப் புத்தக ஆங்கிலத்தில் எழுதுவதே அன்றைய வழக்கம். செல்வன் அந்த வேலியை எடுத்தார். கதை மாந்தர் பேசும் மொழியிலேயே கதைசொல்லியும் பேசுகிறார். கரீபிய இலக்கியத்தில் இந்த நாவலுக்குத் தனி இடம் கிடைத்ததற்கு அதுவே முதன்மையான காரணம்.

ஆசிரியர்

சாமுவேல் டிக்சன் செல்வன் 1923 மே 20 அன்று தெற்கு டிரினிடாடின் சான் பெர்னாண்டோ நகரில் பிறந்தார். தந்தை மதராசிலிருந்து வந்த கிறித்தவர். தாய்வழித் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர், பாட்டி இந்தியப் பெண். அவருடைய குடும்பப் பெயர் தமிழ்க் காதில் ‘செல்வன்’ என்றே விழும். ஆனால் அவர் வளர்ந்தது இந்தியரும் ஆப்பிரிக்க வழியினரும் கலந்து புழங்கிய தீவின் பொதுப் பேச்சில். இந்த நாவலின் நாயகன் ஆப்பிரிக்க வழி வந்தவன். அவனை எழுதும்போது செல்வனின் கை அந்நியரைப் பற்றி எழுதுவதுபோல் எங்கும் தயங்கவில்லை.

போர்க்காலத்தில் கடற்படைத் துணைப் பிரிவில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக இருந்தவர், பிறகு ‘டிரினிடாட் கார்டியன்’ நாளிதழில் சேர்ந்தார். 1950இல் லண்டனுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் பார்படோஸ் எழுத்தாளர் ஜார்ஜ் லாமிங்கும் பயணம் செய்தார். லண்டனில் இந்தியத் தூதரகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே, பிபிசியின் ‘கரீபியன் வாய்சஸ்’ நிகழ்ச்சிக்குக் கதைகள் எழுதினார். முதல் நாவல் ‘எ பிரைட்டர் சன்’ 1952இல் வந்தது.

காலப் பின்னணி

1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், குடியேற்ற நாட்டு மக்கள் பிரிட்டனில் குடியேறி வேலை பார்க்கும் உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூன் 22 அன்று கரீபியத் தீவுகளிலிருந்து வந்த ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலின் பயணிகள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். 1952இல் அமெரிக்கா தன் குடிவரவு விதிகளை இறுக்கியதும் கரீபியத் தொழிலாளர்களின் பார்வை லண்டன் பக்கம் மேலும் திரும்பியது. பேருந்துக்கும் ரயிலுக்கும் மருத்துவமனைக்கும் ஆள் வேண்டியிருந்தது. வேலைக்கு அழைத்த நகரம் வீடு கொடுக்கத் தயங்கியது. வாடகைக்கு அறை இருக்கிறது, கறுப்பர்களுக்கு இல்லை என்று பலகை மாட்டுவதைத் தடுக்க அப்போது சட்டம் கிடையாது. அதற்கு 1968வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை

பனிமூட்டம் கவிந்த குளிர்கால மாலை. டிரினிடாட்காரனான மோசஸ் அலோயெட்டா 46ஆம் எண் பேருந்தில் ஏறி வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் போகிறான். முன்பின் தெரியாத ஒருவனை வரவேற்று அழைத்துவர வேண்டும். பல ஆண்டுகள் லண்டனில் இருந்துவிட்டதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் மோசஸின் முகவரியோடுதான் வருகிறார்கள்.

வந்து இறங்குபவன் ஹென்றி ஆலிவர். வெப்ப நாட்டு மெல்லிய உடுப்பு. பெட்டி படுக்கை கிடையாது, ஒரு பல் துலக்கும் பிரஷ் மட்டும். குளிரவே இல்லை என்கிறான். மோசஸ் அவனுக்கு ‘சர் காலஹாட்’ என்று பெயர் வைக்கிறான். அதே நிலையத்தில் ஜமைக்காக்காரன் டால்ராய் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான். ரயிலிலிருந்து அம்மாவோடு டான்டி பெஸ்ஸி என்ற அத்தை உட்பட மொத்தக் குடும்பமும் இறங்குகிறது.

மறுநாள் காலையில் வேலை தேடித் தனியாகப் புறப்படும் காலஹாட் நடுத்தெருவில் நின்றுவிடுகிறான். வானத்தில் சூரியன் தெரிகிறது, சூடு இல்லை. இப்படியொரு சூரியனை அவன் பார்த்ததே இல்லை. முதல் நாள் அவ்வளவு வீறாப்பாகப் பேசியவனுக்கு அப்போதுதான் உள்ளுக்குள் நடுக்கம் எடுக்கிறது. பின்னாலேயே வந்த மோசஸ் அவனை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே கறுப்பர்களின் அட்டைகளில் அவர்கள் நிறத்தைக் காட்டும் குறிப்பு தனியாக எழுதப்படுகிறது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறான்.

இதற்குமேல் நேர்கோட்டில் செல்லும் கதை இல்லை, ஒவ்வொருவராக வருகிறார்கள். எந்த வேலையிலும் தங்காத நைஜீரியன் கேப்டன், பசி பொறுக்காமல் தன் அறை ஜன்னலுக்கு வரும் கடற்காகங்களைப் பிடித்துத் தின்கிறான். வேலையில்லாத குளிர்காலத்தில் காலஹாட் பூங்காவில் புறாவைப் பிடிக்கிறான். நாயோடு நடக்க வந்த ஒரு பெண்மணி அதைக் கண்டு கொதிக்கிறாள். பறவைக்கு இரங்கும் ஊர் மனிதனின் பட்டினியை அறியாமல் இருப்பதைச் செல்வன் விளக்கிச் சொல்வதில்லை. காட்சியை நம் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

டான்டி பெஸ்ஸியின் பகுதி தனிச் சுவை உடையது. ஹாரோ சாலைப் பக்கத்துக் கடையில் கடன் கிடையாது. எங்கள் ஊரில் சாமானை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்ப்போம் என்று அவர் வெள்ளைக்காரக் கடைக்காரரிடம் வாதாடுகிறார். கடைசியில் கடைக்காரர் பற்று எழுத ஒரு நோட்டுப் போடுகிறார். அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பெயர்களும் அதில் ஏறுகின்றன. லண்டனுக்குத் தன்னை மாற்றிக்கொள்வதற்கு முன்பே அந்தத் தெருவைத் தன் வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எல்லோரும் பேஸ்வாட்டரில் மோசஸின் நிலவறை அறைக்கு வருகிறார்கள். யாருக்கு வேலை போயிற்று, எந்தத் தெருவில் அறை கிடைக்கும், ஊரிலிருந்து என்ன கடிதம் வந்தது என்று பேசுகிறார்கள். தனித்தனியே நகரத்தில் கரைந்து போகிறவர்களைக் கோத்து வைப்பது அந்தப் பேச்சுதான்.

மொழியும் வடிவமும்

நாவலைப் பொது ஆங்கிலத்தில்தான் செல்வன் எழுதத் தொடங்கினார். மனிதர்கள் உயிர்பெறவில்லை. கதைசொல்லியையும் டிரினிடாட் பேச்சுக்கு மாற்றிய பிறகுதான் எழுத்து ஓடத் தொடங்கியது. அது ஒலியை அப்படியே பதிவு செய்த மொழியும் அல்ல. எல்லாத் தீவினருக்கும் ஆங்கிலேயருக்கும் விளங்கும்படி அவர் பதப்படுத்திக்கொண்ட வழக்கு. வினைச்சொற்கள் காலம் காட்டும் விகுதிகளை உதறிவிட்டு நிற்கும். ஒவ்வொரு நிகழ்ச்சியும் திண்ணைப் பேச்சின் வேகத்தில் வளர்ந்து, கலிப்ஸோ பாட்டைப்போல் எதிர்பாராத இடத்தில் முடியும்.

இந்த மாந்தர் நகரத்துக்குப் புதுப் பெயர்களும் வைக்கிறார்கள். பேஸ்வாட்டர் ‘வாட்டர்’ ஆகிறது, நாட்டிங் ஹில் கேட் ‘கேட்’ ஆகிறது. வாடகைக்கு அறை கொடுக்காத ஊரை நாக்கால் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். கோடைக்கால லண்டனைச் சொல்லும் பகுதியோ நிறுத்தற்குறியே இல்லாமல் பல பக்கங்கள் ஒரே மூச்சில் ஓடுகிறது.

பெண்களைச் சித்திரித்த விதம் இந்நூலின் குறையாகச் சொல்லப்படுகிறது. டான்டியைத் தவிர, பெரும்பாலான பெண்கள் ஆண்களின் ஆசைப் பேச்சில் வந்து மறைகிறார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு.

பிற்கால வாழ்வு

செல்வன் 1978இல் கனடாவில் குடியேறினார். 1994இல் டிரினிடாட் சென்றிருந்தபோது இறந்தார். லண்டனின் ஜெர்மின் ஸ்ட்ரீட் தியேட்டர் 2024இல் ராய் வில்லியம்ஸின் ஆக்கத்தில் இந்நாவலை மேடையேற்றியது. மோசஸின் கதை ‘மோசஸ் அசெண்டிங்’ (1975), ‘மோசஸ் மைக்ரேட்டிங்’ (1983) என்ற நாவல்களில் தொடர்கிறது. ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவலின் இறுதியில் தேம்ஸ் கரையில் நிற்கும் மோசஸுக்கு, இதையெல்லாம் எழுத முடியுமா என்ற எண்ணம் எழுகிறது. ‘மோசஸ் அசெண்டிங்’கில் அவன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் பழைய வீடு ஒன்றை வாங்கி, மேல்மாடியில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதத் தொடங்குகிறான். இப்போது அவன் முயல்வது ஆடம்பரமான புத்தக ஆங்கிலம். நாவல் முடியும்போது அவன் மறுபடியும் நிலவறையில் இருக்கிறான்.