கார் ஷெட்டில் பிறந்த விமானம்

(1979-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவுப் பழைய மாணவர் ஒருவர்)

"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள. பனியையும், புளிக்காத இட்லி மாவையும் பற்றி நம் நண்பர்கள் முந்தைய மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனவே நான் ஒரு பொறியாளரின் வரலாற்றை எழுதுகிறேன். அதன் ஓரத்தில் நானும் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் கிறிஸ் ஹைன்ட்ஸ். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர். பிரான்சில் கான்கார்டு விமானத் திட்டத்தில் பணியாற்றினார். பிறகு ராபின் என்ற விமான நிறுவனத்தில் தலைமைப் பொறியாளரானார். மரத்தாலும் துணியாலும் செய்த சிறு விமானங்களுக்குப் பேர்போன நிறுவனம் அது. அங்கே முழு உலோக விமானங்களை வடிவமைத்தார். எச்.ஆர். 100, எச்.ஆர். 200 என்ற பெயர்களில் உள்ள 'எச்' ஹைன்ட்ஸ், 'ஆர்' ராபின்.

பகலெல்லாம் கம்பெனிக்கு விமானம் வரைந்தவர், ஓய்வு நேரத்தில் தனக்கென்று ஒன்று கட்டினார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும், இறக்கை தாழ்வாக அமைந்த அலுமினிய விமானம். 1970 மார்ச் 22 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. பெயர் ஜெனித். அவருடைய குடும்பப் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றிப் போட்டால் அந்தச் சொல் வரும்! பார்த்தவர்கள் "எங்களுக்கும் வரைபடம் கொடுங்களேன்" என்று கேட்க, வரைபடங்களையும் செய்முறைக் கையேட்டையும் தயாரித்தார்.

1973-ல் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். டி ஹாவிலாண்ட் கனடா நிறுவனத்தில் டேஷ்-7 பயணிகள் விமானத்தின் வலிமைக் கணக்குகளைப் போடும் வேலை. மறு ஆண்டே, 1974-ல், ஒன்டாரியோ மாநிலத்தில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஜெனெய்ர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விற்பனைக்கு வைத்தது விமானம் அல்ல. விமானம் கட்டுவதற்கான வரைபடமும் பாகங்களும்.

கனடாவில் அதற்கு ஏற்கெனவே இடம் இருந்தது. ஒன்டாரியோவின் காட்ரிச் ஊரைச் சேர்ந்த கீத் ஹாப்கின்சன் என்பவர் கட்டிய ஸ்டிட்ஸ் பிளேபாய் விமானம் 1955-லேயே முறைப்படிப் பறந்துவிட்டது. அது இன்று ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. தனிமனிதன் சொந்த உபயோகத்துக்கு விமானம் கட்டலாம். வேலையில் பெரும்பகுதியைத் தொழில் முறையில் அல்லாமல் ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும். இறக்கையின் தகட்டை மூடுவதற்கு முன் ஆய்வாளர் உள்ளே பார்த்துவிட வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஹைன்ட்ஸின் கெட்டிக்காரத்தனம் எது தெரியுமா? நம்மைப் போன்ற சாதாரணக் கைகளை நினைத்து அவர் வரைந்தார். வழக்கமான விமான ரிவெட்டுக்கு ஒருவர் வெளியே அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்டைப் பயன்படுத்தினார். தனி ஆளாக வேலை பார்க்கலாம். ஜெனித்தின் இறக்கை ஏறத்தாழ ஒரே அகலத்தில் ஓடுவதால், ஒரே மர அச்சில் விலாத் தகடுகளை அடுத்தடுத்து வளைத்துக்கொண்டே போகலாம். 1976-ல் அமெரிக்காவின் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில், மக்கள் கண் முன்னே எட்டே நாளில் ஒரு ஜெனித்தைக் கட்டிப் பறக்கவும் விட்டார்கள்.

எட்டு நாள் என்றதும் ஆசை யாரை விட்டது? 1985-ல் டொரான்டோவில் டூல் டிசைனராக இருந்த நான் வரைபடத்தை வாங்கினேன். எனக்கு எட்டு நாளில் வால் சுக்கானுக்குத் துளை போட்டுக்கூட முடியவில்லை! என் மனைவி சில மாதம் பார்த்துவிட்டு, "ஏங்க, இது பறக்குமோ பறக்காதோ, நம்ம கார் பனியில நிக்குது" என்றாள். நியாயமான பேச்சு. ஆனாலும் ரிவெட்டுத் துளைகளுக்குப் பென்சிலில் குறி போட்டுக் கொடுத்தது அவள்தான்.

நம் ஷீட் மெட்டல் ஷாப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. "டேய், பிசிறு எடுக்காம எங்கிட்டே கொண்டுவராதே" என்று இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் வேலையைத் திருப்பி எறிவார். அன்று திட்டிக்கொண்டே அரம் போட்டோம். அலுமினியத் தகட்டின் விளிம்பில் விட்ட பிசிறிலிருந்துதான் நாள்பட விரிசல் புறப்படும் என்பது டொரான்டோ கார் ஷெட்டில்தான் எனக்கு உறைத்தது.

இடது இறக்கையின் மூன்றாவது விலாவில் ஒரு துளையை ஓரத்துக்கு மிக அருகே போட்டுவிட்டேன். தகட்டை மூடினால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் மனத்தோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் விலாவை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது செய்தேன். தேதி, தவறு, திருத்தம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

1989-ல் நான் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வாலும் இரு இறக்கைகளும் முடிந்திருந்தன. உடல் பகுதி தொடங்கவில்லை. கன்டெய்னரில் அனுப்பலாமா என்று விசாரித்தேன். கூலி ஒருபுறம் இருக்கட்டும். போகிற இடத்தில் எந்தப் பிரிவில் பதிவு செய்வது, மூடும் முன் யார் வந்து பார்ப்பார்கள்? எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, தகடு வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன். வண்டியில் ஏற்றும்போது நான் வெளியே வரவில்லை. மனைவிதான் நின்று வழியனுப்பினாள்.

அந்த ஆசிரியர் முதலில் கேட்டது குறிப்பேட்டைத்தான். ஆர்வலர் கையால் செய்த வேலை என்பதற்கு அதுவே சான்று. அது இல்லாவிட்டால் என் நான்கு வருட உழைப்பு வெறும் அலுமினியம். மூன்றாவது விலாப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதைப் பார்த்ததால்தான் வாங்குகிறேன்" என்றார்.

இந்தத் துறையில் உயிர் எதில் தொங்குகிறது என்பதை வரலாறு பிற்பாடு கடுமையாகவே காட்டியது. ஹைன்ட்ஸின் வடிவங்களில் ஒன்றான ஜோடியாக் 601 எக்ஸ்.எல். வகை விமானங்கள் சில நடுவானில் உடைந்து உயிர்கள் போயின. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் கட்டமைப்பை வலுப்படுத்தும் மாற்றங்கள் வந்தன. பெரிய பொறியாளரின் வேலையானாலும் திரும்பத் திரும்பச் சோதித்தே ஆகவேண்டும். அவருடைய பெருமை இதனால் இல்லாமல் போய்விடவில்லை. அதற்காக இதை மறைத்து எழுதுவதும் சரியல்ல. அவர் 2021-ல் காலமானார். அவர் மகன் நடத்தும் நிறுவனம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், முதன்முறை கட்டுபவர்களுக்கு வால் சுக்கான் செய்யக் கற்றுத் தருகிறது.

நம் நாட்டிலும் கதவு திறக்காமல் இல்லை. மும்பையில் தன் குடியிருப்பின் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2017-ல் பதிவும் 2019-ல் பறப்பதற்கான அனுமதியும் பெற்றார்.

1998-ல் உறவினர் திருமணத்துக்காக ஒன்டாரியோ போயிருந்தேன். ஆசிரியர் தன் விமானத்தில் இருபது நிமிடம் என்னை ஏற்றிச் சென்றார். கீழே சோள வயல்கள். நான் அதிகம் பார்த்தது இடது இறக்கையை. மூன்றாவது விலா இருக்கும் இடத்தில் வரிசையாக ரிவெட்டுத் தலைகள். என் மனைவி பென்சிலில் குறித்த வரிசை. இறங்கியதும் ஆசிரியர் குறிப்பேட்டைக் காட்டினார். முதல் பாதி என் கையெழுத்து, மறுபாதி அவருடையது.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாடு விட்டு நாடு போவீர்கள். தொடங்கிய வேலை பாதியில் நிற்கலாம். அது அவமானமில்லை. அடுத்தவர் நம்பி எடுத்துத் தொடரும்படி விட்டுச் செல்லுங்கள். பிசிறு எடுத்துவிட்டுக் கொடுங்கள். தவறையும் எழுதி வையுங்கள்.

ஷீட் மெட்டல் ஷாப்பில் அந்தப் பழைய மேஜை இன்னும் இருக்கிறதா? விழாவுக்கு வரும்போது ஒருமுறை பார்க்க வேண்டும்.