ஓடைமீன்களும் கண்ணாடித் தொட்டிகளும்

உலகின் பெருநகர் எதிலும் அலங்கார மீன் விற்கும் கடையொன்றினுள் நுழைந்து பார்ப்பின், 'செரி பார்ப்' என்றும் 'பிளாக் ரூபி பார்ப்' என்றும் பெயர் எழுதிய தொட்டிகள் பெரும்பாலும் கண்ணிற்படும். அவற்றினுள்ளே விரலளவுகூட இல்லாத செந்நிற மீன்கள் கூட்டமாய்த் திரியும். அவற்றை விலைகொடுத்து வாங்குவோருள், இவற்றின் தாயகம் இலங்கைத்தீவின் தென்மேற்குக் காடுகளிலே ஓடும் சிற்றோடைகள் என்பதை அறிந்தவர் சிலரே. களனி கங்கை தொடக்கம் நில்வளா கங்கை வரையுள்ள ஆறுகளின் கிளையோடைகளன்றி உலகில் வேறெங்கும் இவை இயற்கையாய்த் தோன்றியதில்லை. இம்மீன்கள் அயலார் இல்லங்களை அடைந்த வரலாற்றையும், அதனால் ஓடைகளில் எஞ்சியவற்றுக்கு நேர்ந்ததையும் சிறிது நோக்குவோம்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் இன்றுள்ள வடிவில் பழமையானதன்று. பிரித்தானியாவிலே கண்ணாடிக்கு விதித்திருந்த வரி 1845இல் நீக்கப்பட்டபின் கண்ணாடி மலிந்தது. 1850இல் ரொபேட் வாரிங்ரன் என்னும் இரசாயன அறிஞர், பொன்மீனும் நீர்ப்பூண்டும் நத்தையும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழுமாற்றை இலண்டன் அறிஞர் சபைக்கு எடுத்துரைத்தார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே மீன்காட்சியகம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் இப்பழக்கத்தை நடுத்தர வகுப்பாரின் வரவேற்பறைகளுக்குள்ளே கொண்டு சென்றது. வெப்பநாட்டு மீன்களுள் முதலிற் புகழ்பெற்றது சீனத்துச் சொர்க்கமீன். அதனை 1869இல் பாரிசிலே கார்பொனியே என்பார் வளர்த்துப் பெருக்கினார். அது தன் இனத்தையே எதிர்த்துச் சண்டையிடும் இயல்பினது. ஆகவே தனியொரு மீனையோ ஓர் இணையையோ வைத்து அழகு பார்ப்பதே அக்காலத்தார் வழக்காயிற்று. நமது ஓடைமீன்களோ வேறு இயல்பின.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மீன்கள் ஒன்றையொன்று விரும்பி அருகருகே வாழ்வது ஒன்று. எல்லாம் ஒரே திசை நோக்கி ஒரே வேகத்தில் படைபோல் நீந்துவது மற்றொன்று. முன்னதைக் கூட்டம் என்றும், பின்னதை அணி என்றும் நாம் வழங்கலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வரையறையை ரோனி பிற்சர் என்னும் ஆய்வாளர் 1983இல் வகுத்தார். செரி பார்ப் கூட்டமாய் வாழ்வதேயன்றி எந்நேரமும் அணிவகுத்து நீந்துவதன்று. அமைதியுள்ள வேளையிலே ஒன்று இலையடியில் இரைதேடும், மற்றொன்று பூண்டின் நிழலில் ஒதுங்கும். ஆபத்து நேரின் அவை நெருங்கும். நெருங்கிய பலவற்றுள் ஒன்றைக் குறிவைக்க முயலும் பகைமீனின் கண் தடுமாறும். கூட்டத்தின் நடுவே புகும் ஒவ்வொரு உயிரும் தன் ஆபத்தை அயலிலுள்ளதன்மேல் ஏற்றுகின்றது என்று ஹமில்ரன் 1971இல் கணக்கியல் முறையால் விளக்கினார். கேட்பதற்குக் கசப்பான விளக்கமாயினும் மறுத்தற்கரியது. அயலிலுள்ள மீனின் அசைவைக் கண்ணாலும், உடலின் இருபுறமும் அமைந்த பக்கக்கோட்டு உறுப்பாலும் இவை உணர்ந்துகொள்ளும்.

இவற்றுக்கு அறிவியற் பெயர் சூட்டிய வரலாறு சுவை மிக்கது. 1868இல் அல்பேர்ட் கியுந்தர் என்னும் பேரறிஞர் இலண்டனில் இருந்தவாறே பிளாக் ரூபி பார்ப்பை விவரித்து, 'கரும்பட்டையுடையது' என்னும் பொருள்பட 'நைக்ரோபாசியாற்றஸ்' எனப் பெயரிட்டார். மதுசாரத்தில் இட்ட மீனிலே செந்நிறம் நில்லாது, கரும்பட்டைகளே எஞ்சும். ஓடைக்கரையில் வாழ்ந்த சிங்கள மக்களோ உயிருள்ள மீனைக் கண்டவர்கள். இனப்பெருக்கக் காலத்திலே ஆண்மீனின் தலையும் முன்னுடலும் சிவந்து விளங்குவதைக் கண்டு, 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை சப்புபவன், என்று அழைத்தனர். இவ்விரண்டு பெயர்களுள் எது மீனை நன்கு காட்டுகிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

செரி பார்ப் அறிவியலின் கண்ணுக்குப் புலப்பட அதன்பின் அறுபது ஆண்டுகள் சென்றன. அதனை 1929இல் விவரித்தவர் போல் தெரணியகலை. பின்னாளில், 1939 முதல் 1963 வரை, இலங்கை நூதனசாலைகளின் பணிப்பாளராய் விளங்கிய அறிஞர் அவர். அவர் ஊரார் வழக்கைப் புறந்தள்ளவில்லை. 'லே தித்தயா' என்னும் சிங்களப் பெயரிலிருந்து 'தித்தயா' என்பதை எடுத்து அதனையே அறிவியற் பெயராக்கினார். 'லே' என்பது குருதி. அடுத்த ஆண்டில் அவர் விவரித்த மற்றொரு கூட்டுமீனுக்கு ஊரார் இட்ட பெயர் 'ஹல் மல் தண்டியா'. ஹல் மரத்தின் பூவைப் போன்ற மீன் என்பது கருத்து. அம்மரத்தின் தாவரவியற் பெயரையே இலத்தீனில் இணைத்து 'வற்றேரிபுளோரிஸ்' என்று பெயர் வைத்தார். மக்கள் கண்ட அழகை நூலேற்றிய இச்செயல் பாராட்டத்தக்கது.

ஐரோப்பிய மீன் வளர்ப்போரை இவை சென்றடைந்தது 1930களின் நடுப்பகுதியில். கப்பற் பயணம் வாரக்கணக்கில் நீளும். தகரக் கலத்துள் அடைபட்ட மீன்கள் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசனைத் தாமே தீர்த்துவிடும். ஆதலின் உயிரோடு கரைசேர்ந்தவற்றுக்கு விலை மிகுந்தது. 1939இல் மூண்ட போர் அவ்வணிகத்தைத் தடுத்தது. போர் முடிந்தபின் விமானமும், ஒட்சிசன் நிரப்பிக் கட்டும் பொலித்தீன் பையும் வந்தன. வாரங்கள் மணிகளாய்ச் சுருங்கின. மலைச்சாரலில் வலைவீசிப் பிடித்த மீன் இரண்டொரு நாளில் வேற்று நாட்டு வீட்டுத் தொட்டியில் நீந்துவது எளிதாயிற்று.

இங்கேதான் கூட்டமாய் வாழும் இயல்பு பெருவினையாய் முடிந்தது. சொர்க்கமீனை விரும்புபவர் ஒன்று வாங்குவார். செரி பார்ப்பை விரும்புபவர் எட்டோ பத்தோ வாங்குதல் வேண்டும். தனித்து விடப்பட்ட மீன் அஞ்சி மூலையில் ஒடுங்கும், நிறம் மங்கும். ஆண்மீனின் சிவப்பு பெண்ணை ஈர்ப்பதற்கும் எதிர் ஆணை அச்சுறுத்துதற்கும் அமைந்தது. எதிரியும் துணையும் இல்லாத இடத்தில் அச்சிவப்புக்குத் தேவை என்ன? பிளாக் ரூபி பார்ப்பும் அத்தகையதே. கலவரமுற்ற ஆண் தன் செந்நிறத்தை இழந்து, கியுந்தர் எழுதிய பட்டைமீனாகவே மாறிவிடும். ஆகவே அழகு வேண்டுவோர் கூட்டத்தை வேண்டினர். ஒரு தொட்டியின் தேவை பத்து மடங்காயிற்று.

வாங்குவோர் விரும்பியவை சிவந்த ஆண்கள். வலைவீசுவோர் சிவந்தவற்றைப் பொறுக்கி மங்கிய பெண்களை ஓடையில் விட்டனர். பெண்கள் எஞ்சின என்று ஆறுதல் கொள்ளலாமா? இனப்பெருக்கத்துக்குத் தகுதி வாய்ந்த ஆண்களைத் தேர்ந்து தேர்ந்து நீக்கின், ஒரு சிற்றோடையின் மீன்குலம் நலியும் என்பதை உணர விலங்கியற் புலமை வேண்டியதில்லை.

இத்தேவையின் பெரும்பகுதியை நாளடைவில் நிறைவேற்றியவை மீன்பண்ணைகளே. செரி பார்ப் எளிதிற் பெருகும் இனம். பூண்டுகளிடையே முட்டைகளைத் தூவிவிட்டுப் பெற்றோரே அவற்றைத் தின்னத் தொடங்கும். முட்டையிட்டவுடன் பெற்றோரை வேறாக்கினால் ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். இம்முறையால் தென்கிழக்காசியாவிலும் புளோரிடாவிலும் பண்ணைகள் இவற்றைப் பெருக்கி விற்கின்றன. ஓடையின் சுமை குறைந்தது நன்றே. ஆயின் ஹல் மல் தண்டியா அத்துணை எளிதிற் பெருகுவதன்று. அதனைப் பிடிக்கும் வலை அதே வேகத்தில் ஓயவில்லை.

இவற்றை வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல். ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டாக எட்டுக்குக் குறையாத கூட்டம் வைத்தல் தகும். அடியில் கருமணலும், மேலே மிதக்கும் இலைகளின் நிழலும் இருப்பின் நிறம் தானே வரும். வெயில் நேரே விழும் தொட்டி ஆகாது. பிளாக் ரூபி குளிர்ந்த மலையோடைக்கு உரியது; 26 பாகை செல்சியசுக்கு மேல் அதற்கு நலமில்லை. அது பாசி தின்பதாகலின் வெறும் புழுவுணவு மட்டும் இடலாகாது. நிழலையும் குளிர்ச்சியையும் அவை நாடுவது, காடு மூடிய ஓடையின் பழக்கம்.

அந்நிழலுக்குத்தான் பெருங்கேடு வந்தது. என் கருத்தில், வலையினும் கொடியது கோடரி. தென்மேற்கின் தாழ்நிலக் காடுகள் தேயிலைக்கும் இறப்பருக்குமாய் அழிந்தபோது ஓடைகள் வெயிலில் காய்ந்தன. மண் அரித்து வந்து மணற்படுகையை மூடியது. இரத்தினக்கல் அகழ்வோர் ஆற்றுப்படுகையைக் கிளறினர். தோட்டத்து நஞ்சுகளும் நீரிற் கலந்தன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1993இல் செய்த திருத்தத்தின்பின் சில நன்னீர் மீன்களும் காப்புப் பட்டியலில் ஏறின. 1996இன் கடற்றொழிற் சட்டத்தின் கீழ் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. சட்டம் வலையைத் தடுக்கலாம். வெட்டுண்ட மரத்தை நிமிர்த்துமா?

நாட்டின் நன்னீர் மீன்களைப் பற்றி இயன் மன்றோ 1955இலும் ரொஹான் பெத்தியாகொட 1991இலும் நூல்கள் வெளியிட்டனர். பின்னவரும் அவருடைய துணைவரும் 2012இல் இம்மீன்களின் உறவுமுறையை மீளாய்ந்து, பிளாக் ரூபியைச் சேர்த்த பேரினத்துக்குச் சிங்கள வழக்கிலுள்ள 'பெத்தியா' என்னும் பெயரையே இட்டனர். 2023இல் செரி பார்ப் தனிப் பேரினமாய்ப் பிரிக்கப்பெற்று 'ரொஹானெல்லா' எனப் பெயர்பெற்றது. அது பெத்தியாகொடவின் பெயரால் அமைந்தது.

காப்பதற்கு மற்றொரு வழியும் முயலப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் எரிக் விக்கிரமநாயக்க என்னும் ஆய்வாளர், தென்மேற்கு ஓடைகளிலிருந்து அருகிவரும் மீன்கள் சிலவற்றை எடுத்து மகாவலி கங்கையின் மேல்நீர் ஓடைகளில் விட்டார்; அம்முயற்சியின் பயனை 1990இல் எழுதி வெளியிட்டார். தாம் பிறந்த ஆற்றிலன்றி வேற்று ஆற்றில் மீன்களைக் குடியேற்றுதல் அங்குள்ள மீன்களுக்கு இடர் ஆகாதோ என்று ஐயுறுவோரும் உளர், அவ்வையம் நியாயமானதே. இதற்கிடையே எவரும் திட்டமிடாத குடியேற்றமும் நிகழ்ந்தது. வீட்டு மீனாய்க் கடல்கடந்த செரி பார்ப் மெக்சிக்கோவிலும் கொலம்பியாவிலும் வெளிநீரில் பரவிக் கூட்டமாய் வாழ்வதாகப் பதிவுகள் கூறுகின்றன. மகாவலியின் மேல்நீரிலே புலத் ஹபயாவும் ஹல் மல் தண்டியாவும் நிலைபெற்றுவிட்டன.