உருகிக் காக்கும் கம்பி

மாலை நேரம். விளக்கு பட்டென்று அணைகிறது. பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறது. "பியூஸ் போய்விட்டது" என்கிறார் அப்பா. பழைய வீடுகளில் மெயின் ஸ்விட்சுக்கு அருகே வெள்ளைப் பீங்கான் கட்டைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றைப் பிடுங்கினால், இரண்டு திருகாணிகளுக்கு இடையே மயிரிழை போன்ற கம்பி அறுந்து கிடக்கும்.

இக்கம்பியின் கருத்து, வீடுகளுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது. அக்காலத்தில் மின்னல் தாக்கித் தந்திக் கருவிகள் கெட்டுப்போவதுண்டு. தந்திக் கம்பி நிலையத்துக்குள் நுழையுமிடத்தில் மெல்லிய கம்பியைச் சேர்த்துவிடலாம் என்று 1847-இல் பிரான்சு நாட்டு லூயி பிரெகே யோசனை கூறினார். கம்பி உருகட்டும், கருவி பிழைக்கட்டும்! எடிசன் இதே கருத்தை மின்விளக்குகளுக்குக் கொண்டுவந்து 1880-இல் காப்புரிமை பெற்றார். 1882-இல் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

எவ்வளவு மெல்லிய கம்பி வேண்டும்? இதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்த்தவர், பிரிட்டிஷ் தபால் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ். 1880-களில் அவர் பலவகை உலோகக் கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, எந்த அளவில் உருகுகின்றன என்று குறித்துக்கொண்டார். கம்பி தடிக்கத் தடிக்க அதன் மின்தடை குறைகிறது. ஆகவே உண்டாகும் வெப்பமும் குறைகிறது. மேற்பரப்போ அதிகமாகி, வெப்பத்தை வெளியே விடுகிறது. இவ்விரண்டும் சேர்வதால், விட்டம் இரு மடங்கானால் உருக்கத் தேவையான மின்னோட்டம் சுமார் 2.8 மடங்காகிறது.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். 5 ஆம்பியர் பியூசுக்கு 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போதும். பிரீஸின் விதிப்படி அது சுமார் 7 ஆம்பியரில் உருகும். "அடிக்கடி போகிறதே" என்று அலுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள் உண்டு. அது உருகச் சுமார் 80 ஆம்பியர் வேண்டும். சுவருக்குள் ஓடும் விளக்குக் கம்பி அவ்வளவு தாங்குமா? பியூஸ் உருகாது, சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறைதான் தீப்பிடிக்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பல்பைப் போலத் திருகிப் பொருத்தும் பியூஸ்கள் இருந்தன. அவை எரிந்துபோனால், அவற்றுக்குப் பின்னால் ஒரு செப்புக் காசைச் செருகிவிடுவார்கள்!

இனி, நம் பீங்கான் கட்டைக்கு வருவோம். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும். கட்டைக்குள் கரி படிந்து, கம்பி சிதறிப் போயிருந்தால் பெரும்பாலும் எங்கோ இரு கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி போடுவது வீண். கரியில்லாமல் நடுவில் மட்டும் உருகியிருந்தால் சுமை கூடியிருக்கலாம். இஸ்திரிப் பெட்டியை விளக்கு இணைப்பில் மாட்டினீர்களா என்று பாருங்கள். பழைய துணுக்குகளை எடுத்துவிட்டு, கட்டையில் குறித்துள்ள ஆம்பியருக்கான பியூஸ் கம்பியையே போடுங்கள். வெகுவாக இழுத்துக் கட்டவும் வேண்டாம். இழுத்தால் கம்பி மெலிந்துவிடும். மீட்டருக்கு முன்னுள்ள, முத்திரையிட்ட பியூஸ் மின்வாரியத்துக்கு உரியது. அதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. மிகப் பழைய வீடுகளில் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டைகள் உண்டு. நியூட்ரல் பக்கத்துக் கம்பி போனாலும் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பேஸ் கம்பியில் மின்சாரம் அப்படியே நிற்கும். அத்தகைய பலகை உங்கள் வீட்டில் இருந்தால், தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதை மாற்றிவிடுங்கள்.