ஆடு, மாடுகளைத் தாக்கும் ஈரல் தட்டைப்புழு: இனமும் உடலமைப்பும்

குடற்புழு மருந்து கொடுத்த பிறகும் மாடு மெலிந்து, கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கினால் ஈரல் தட்டைப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் இனம் ஃபேசியோலா ஜைஜான்டிகா. இது தட்டைப்புழுத் தொகுதியில் டிரெமடோடா வகுப்பையும், ஃபேசியோலிடே குடும்பத்தையும் சேர்ந்தது.

உடல் இலை போலத் தட்டையானது. நீளம் 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இருக்கும். நாடாப்புழுவுக்கு உள்ளதுபோல் கணுக்கள் கிடையாது. வாயைச் சுற்றி ஓர் உறிஞ்சியும், சற்றுப் பின்னால் வயிற்றுப்புறத்தில் மற்றோர் உறிஞ்சியும் உண்டு. குடல் பல கிளைகளாகப் பிரிந்திருக்கும். ஆசனவாய் இல்லாததால் கழிவும் வாய் வழியேதான் வெளியேறும். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே புழுவில் இருக்கும்.

வளர்ந்த புழு தங்குவது குடலில் அல்ல, ஈரலின் பித்த நாளங்களில். உருண்டைப்புழுவுக்குத் தரும் பைப்பரசின், ஐவர்மெக்டின் மருந்துகளுக்கு இது சாகாது. ஆக்சிகுளோசனைடு வளர்ந்த புழுவைக் கொல்லும். ஈரலைத் துளைத்துச் செல்லும் இளம் புழுவுக்கு டிரைகிளாபென்டசோல் தேவை. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும். சினை மாடு, கறவை மாடு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். புழு முட்டையிட ஏறக்குறைய 3 மாதம் ஆகும் என்பதால், அதற்கு முன் சாணத்தைப் பரிசோதித்தால் முட்டை தெரியாது.

சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிந்து, நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வெளியே நீந்தி வந்து, நீரோரப் புல்லிலும் நெற்பயிரின் அடித்தண்டிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஏரி, வாய்க்கால் ஓரங்களில் மேய விடாதீர்கள். அங்கே புல் அறுத்தால், தண்ணீரில் மூழ்கியிருந்த அடிப்பகுதியை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் அறுங்கள்.