டெக்கு ரிப்பேர்: கடலூர் - சிதம்பரம் வட்டாரத்தில் ஒரு பெட்டியின் கதை

வீடியோ கேசட் ரெக்கார்டர் என்று முழுப்பெயர் சொன்னால் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் பலருக்கும் சட்டென்று பிடிபடாது. "டெக்கு" என்றால் போதும். கோயில் திருவிழா முடிந்த இரவில், கல்யாண வீட்டில், பொங்கலுக்கு மறுநாள் தெருமுனையில் என்று டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர்கள் கடலூரும் சிதம்பரமும் அவற்றைச் சுற்றிய கிராமங்களும். இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியது என்றால், வி.சி.ஆர். மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சினிமா கொட்டகைக்காரர்களின் வயிற்றெரிச்சல் அப்படி!

ஜப்பானின் ஜேவிசி கம்பெனி வி.எச்.எஸ். டெக்கை 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஓராண்டு முன்பே சோனியின் பீட்டாமேக்ஸ் வந்துவிட்டது, ஆனாலும் போட்டியில் வென்றது வி.எச்.எஸ். தான். இந்தியாவில் கலர் ஒளிபரப்பு தொடங்கியது 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கு டெக் வந்த முக்கிய வழி கடைத்தெரு அல்ல, சூட்கேஸ். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். அது கிடைக்காதவர்கள் சென்னை பர்மா பஜாருக்குப் போனார்கள்.

இப்படி வந்த பெட்டிக்கு கேரண்டி கார்டு கிடையாது, இருந்தாலும் செல்லாது. சர்வீஸ் சென்டரும் பக்கத்தில் இல்லை. பல மாதச் சம்பளத்தை விழுங்கிய சாமான் அது, கெட்டுப்போனால் இன்னொன்று வாங்குவது என்ற பேச்சே எழாது. எனவே அது போய்ச் சேர்ந்த இடம், அதுவரை வால்வு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர் மெக்கானிக்கின் மேஜை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ - டிவி படித்தவர்கள் சிலர், கடையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் பலர். சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமலே ஜப்பான்காரனின் பெட்டியைப் பிரித்து மாட்டியவர்கள்.

முதலில் வந்த கோளாறுகள் பயணத்தால் வந்தவை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், சவூதியில் அன்று பல இடங்களில் 127, இங்கே 230. பின்பக்கம் இருக்கும் வோல்டேஜ் சுவிட்சைத் திருப்ப மறந்து பிளக்கைச் சொருகினால் ஒரு 'டப்', அவ்வளவுதான், பவர் சப்ளை காலி. அது சரியானாலும் படம் வராமல் போகலாம். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் என்.டி.எஸ்.சி., சவூதிக்கு அன்று செக்காம், நமக்கும் சிங்கப்பூருக்கும் 'பால்' (குடிக்கிற பால் அல்ல, அது ஒளிபரப்பு முறையின் பெயர்). எந்த முறைக்கான டெக் என்று பார்க்காமல் வாங்கிவந்தவர்கள் கருப்பு வெள்ளையில் உருளும் படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள்.

அடுத்து தேய்மானம். டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை இருக்கிறது, மெக்கானிக் பாஷையில் 'டிரம்'. நம் முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம் என்கிற அளவில் ஹெட்டுகள். நாடா நொடிக்கு இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகர்கிறது, அதன் மேல் சாய்வாகச் சுற்றும் ஹெட் சாய்வான கோடுகளாகப் படத்தை எழுதுகிறது, படிக்கிறது. ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. வாடகைக் கேசட்டின் அழுக்கு ஹெட்டில் ஒட்டினால் போதும், டிவியில் 'மழை' பெய்ய ஆரம்பித்துவிடும். வெள்ளைத்தாளையோ மெல்லிய தோலையோ ஸ்பிரிட்டில் நனைத்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றித் துடைப்பார்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், பக்கவாட்டில் மட்டும்தான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீட்டிலேயே சுத்தம் செய்யப்போய்ப் புது ஹெட் வாங்கியவர்கள் ஏராளம்.

ஹெட்டை விடச் சீக்கிரம் போவது ரப்பர். பெல்ட் தளர்ந்துவிடும், நாடாவை இழுக்கும் பின்ச் ரோலர் கண்ணாடி போல் வழவழப்பாகிவிடும், ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம் வழுக்கும். நாடாவைச் சுருட்ட முடியாத டெக் அதை உள்ளேயே கொட்டிக் கசக்கும். "டெக்கு கேசட்டைக் கடிச்சிடுச்சு" என்பார்களே, அதுதான் இது. புது ரப்பர் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் போக வேண்டும். அதுவரை வளையத்தைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவதும், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதும் அன்றைய கைவைத்தியம். செத்துப்போன டெக்குகளைத் தூக்கிப்போடாமல் கடையின் பரணில் அடுக்கி வைத்ததும் உதிரி பாகத்துக்காகத்தான்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் தெருத்தெருவாக நுழைந்தது. 90களின் கடைசியில் வி.சி.டி. வந்தபோது வாடகைத் தொழில் படுத்தேவிட்டது. அப்போது பலர் டெக்கைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். கேசட்டுகளை மட்டும் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். இது எவ்வளவு பெரிய தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

காரணம் அந்த மெல்லிய கோடுகள். நாடாவை வழிநடத்தும் சிறு தூண்கள் ஒரு டெக்கில் லேசாக ஏறியோ இறங்கியோ இருந்தால், அதில் பதிவானவையும் அதே கோணலோடுதான் பதிவாகும். அந்த டெக்கில் போட்டால் படம் பளிச்சென்று தெரியும். நன்றாக இருக்கும் வேறு டெக்கில் போட்டால் கோடும் கலங்கலும், டிராக்கிங் குமிழை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. வீட்டு டெக்கில் எடுத்த பதிவுக்கு அந்த வீட்டு டெக்கே சாவி. வேறு டெக்கின் தூண்களைத் திருகி அந்தக் கோணலுக்கு ஒத்துவரச் செய்யலாம்தான், ஆனால் அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும்.

கேசட்டில் இருப்பது சினிமா என்றால் கவலையில்லை, எங்காவது கிடைக்கும். கல்யாண கேசட்டுக்கு அப்படி முடியுமா? தாத்தா சபையில் எழுந்து பேசியது, பாட்டி ஆரத்தி எடுத்தது, மகள் அரங்கேற்றத்தில் ஆடியது எல்லாம் அந்த ஒரே நாடாவில். (கேசட்டின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தாவாங்கட்டையை உடைத்துவிட்டால் மேலே பதிவு ஆகாது. உடைக்க மறந்து, கல்யாணத்தின் மேல் "ஒளியும் ஒலியும்" பதிவு செய்த வீடுகளில் நடந்த சண்டை தனி வரலாறு.)

கடலூர்க் கடற்கரையின் காற்றே போதும் கேசட்டைக் கெடுக்க. ஈரத்தில் நாடா மேல் வெள்ளைப் பூசணம் படரும். அதை அப்படியே ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூசணம் தொற்றும். இது போதாதென்று 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கத்திலும் கடல் புகுந்த வீடுகளில் உயிரும் உடைமையும் போனபோது கேசட்டைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? ஆனால் உப்புநீரில் நனைந்த நாடா அத்தோடு முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் உப்பை அலசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றினால் படம் மீள வாய்ப்பு உண்டு. நனைந்ததை அப்படியே டெக்கில் சொருகினால்தான் இரண்டும் போகும்.

ஜேவிசி 2008இல் தனி வி.எச்.எஸ். டெக் செய்வதை நிறுத்தியது. கடைசியாகத் தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. மாற்றி வாங்குவதா, சரி செய்வதா என்ற கேள்வி அன்றோடு போனது, புதிது என்று ஒன்று இல்லை. நாடாக்களைக் கணினிக்கு மாற்ற 2025தான் கடைசிக் கெடு என்று ஆஸ்திரேலிய தேசியத் திரைப்பட - ஒலிக் காப்பகம் எச்சரித்திருந்தது. அந்த வருடம் வந்தவுடன் எல்லா நாடாவும் ஒரே நாளில் அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. டெக்கும் உதிரி பாகமும் கை தெரிந்த மெக்கானிக்கும் ஒன்றாகக் கிடைப்பது அரிதாகிவிடும் என்பதே அதன் பொருள்.

பரணிலிருந்து இறக்கிய டெக்கை உடனே கரண்டில் சொருகக் கூடாது. பல வருடம் சும்மா கிடந்ததில் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். பழையதைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்து, ரப்பரை மாற்றி, ஹெட்டைத் துடைத்த பிறகு முதலில் போட வேண்டியது, கடித்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமா கேசட். அது முழுதாக ஓடித் திரும்பச் சுற்றி வெளியே வந்தால்தான் கல்யாண கேசட்டின் முறை. மூன்று மணி நேர நாடா கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் எங்கே ஒட்டியிருக்கும், எங்கே அறும் என்று சொல்ல முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கணினியில் பதிவை ஓடவிட்டுத்தான் கேசட்டைச் சொருகுகிறார்கள், "சும்மா ஒருதரம் போட்டுப் பார்க்கலாமே" என்று வீட்டார் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.